உப்புக்காற்றுக்கு ஏற்ற நிறம்

அக்காள்மடத்தில் வீட்டுக்கு வெளிப்பூச்சு தேர்ந்தெடுக்கும்போது கடலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பாம்பன் தீவில் எந்தப் பக்கம் திரும்பினாலும் உப்புக்காற்று, வெயிலும் விடாது. ஷேடு கார்டில் கண்ணைப் பறிக்கும் ரோஜாவும் ஊதாவும் வெயில் படும் சுவரில் சீக்கிரம் வெளிறிப்போகும். காவி அப்படியல்ல. அது இரும்பு ஆக்சைடு. வெயிலுக்கு எளிதில் அசையாது. எனக்கு உயிர், சுண்ணாம்பில் துளி நீலம் கலந்த பழைய வெள்ளைதான். வெக்கையைத் திருப்பி அனுப்பும், சுவரின் ஈரம் வெளியேறவும் வழிவிடும். என்ன குளிர்ச்சி அந்த வெள்ளைக்கு! புது சிமெண்டுப் பூச்சானால் நான்கு வாரமாவது ஆறவிட்டு, நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, காய்ந்தபின் பிரைமர் அடியுங்கள். நிறத்தைச் சுவரிலேயே ஒரு முழம் பூசி, காலையிலும் உச்சிவெயிலிலும் பார்த்து முடிவுசெய்யுங்கள். தென்னைகள் சூழ்ந்த வீடென்றால் இளமஞ்சளையும் பூசிப் பாருங்கள்.