ஐந்தாம் தந்தி: ஒரு மதிப்பீடு

மலிவான ஐந்து தந்தி மின் பேஸ் கிற்றாரை எடைபோடுவோர் அதன் விலையையும் பளபளப்பையுமே பெரிதும் நோக்குவர். உண்மையான உரைகல் ஐந்தாம் தந்தியே. வழக்கமான நான்கனுள் மிகத் தாழ்ந்த தந்தி செக்கனுக்கு ஏறத்தாழ 41 முறை அதிரும். ஐந்தாவதோ 31க்கு இறங்கும். ஐபனெஸ் ஜிஎஸ்ஆர் 205 போன்ற எளிய விலைக் கருவிகளில் தந்தியின் நீளம் 34 அங்குலம். உயர்விலைக் கருவிகள் சில 35 அங்குலம் கொண்டு இறுக்கத்தைக் கூட்டுகின்றன. இறுக்கம் குன்றின் தடித்த தந்தியின் சுரம் கலங்கும்.

அக்கரப்பத்தனை போன்ற குளிர்நிலத்தில் இன்னொரு சோதனையும் உண்டு. காமன் கூத்துக்குத் தப்படிப்போர் பனியில் தளர்ந்த தோலை நெருப்பிற் காய்ச்சி இறுக்குவர். கிற்றாரின் மரக்கழுத்தும் ஈரத்தால் வளையும்; அதனுள்ளிருக்கும் இரும்புக் கம்பியை அளவறிந்து முடுக்கத் தெரிதல் வேண்டும்.

பாடகரின் சுருதி தாழுமிடத்து ஐந்தாம் தந்தி கைகொடுக்கும் என்பது மெய்யே. ஆயினும் சிறிய ஒலிபெருக்கி அவ்வாழத்தை வெளியிட வல்லதன்று. தேயிலைத் தொழிலாளரின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 1350 ரூபாயென 2024 செப்டெம்பரிலே வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. அவ்வாறான உழைப்பில் மிஞ்சிய பணத்தைக் கொண்டு ஒலிக்காத தந்தியொன்றை வாங்குதல் சிக்கனமாகாது. நல்ல ஒலிபெருக்கியும் நான்கு தந்திகளுமே தோட்டத்து இசைக்குழுவின் முதல் தேவை.