முதல் நாவலும் முதல் வாசகரும்

பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் சென்னையிலிருந்து மேற்கே செல்பவர்கள், 'சாவடி' என்று முடியும் ஊர்ப் பெயர்களைக் கவனித்திருக்கக்கூடும். வேலப்பன்சாவடி, குமணன்சாவடி, கரையான்சாவடி என அவை வரிசையாக வரும். வழிப்போக்கர்க்குத் திண்ணையும் தண்ணீரும் கிடைத்த காலத்தை இப்பெயர்கள் இன்னும் சுமந்து நிற்கின்றன. நான் பணியாற்றும் வேலப்பன்சாவடியில் இப்போது இளைப்பாறுவோர் குறைவு. இரவெல்லாம் சரக்கு வண்டிகள் ஓடும் ஊர் இது. அப்படியிருந்தும், கடந்த தவக்காலத்தில் ஒரு ஞாயிறன்று, திருப்பலி முடிந்து எல்லோரும் கலைந்த பின்னர், பங்கு இல்லத்துத் திண்ணையில் இளைஞர் ஒருவர் நெடுநேரம் அமர்ந்திருந்தார். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் இரவுப் பணி செய்பவர். மடியில் கயிறு கட்டிய கோப்பு ஒன்று இருந்தது.

"ஃபாதர், நாவல் ஒண்ணு எழுதியிருக்கேன். நீங்க படிச்சுப் பார்க்கணும்" என்றார். பிறகு தயங்கித் தயங்கி, "முதல் நாவலை எல்லாரும் எப்படி எழுதுறாங்க, யார்கிட்ட கொடுக்குறாங்க? எனக்கு ஒண்ணும் தெரியல" என்றார்.

நான் குருமடத்தில் இறையியல் பயின்றவன். இலக்கியம் எனக்குப் பக்கவாட்டில் வந்த விருந்து. ஆயினும் அவருடைய கேள்வி என்னை விடவில்லை. நாளிதழ்களின் ஞாயிற்று மலர்களில் புதிய நாவலாசிரியர்களைப் பேட்டி காண்பவர்கள் வழக்கமாகக் கேட்பவை சில உண்டு: எந்நேரத்தில் எழுதுகிறீர்கள், கையால் எழுதுகிறீர்களா, தட்டச்சு செய்கிறீர்களா, ஒரு நாளைக்கு எத்தனை பக்கம்? இவற்றால் ஒருவரைப் பற்றிச் சிறிது அறியலாம். அவர் எழுதிய நாவலைப் பற்றி ஏதும் அறிய முடியாது. அதைவிடப் பயனுள்ள கேள்வி ஒன்று உண்டென்று தோன்றுகிறது. எழுதியதை முதலில் யாரிடம் காட்டினார்? அவர் அதை என்ன செய்தார்? நமக்கு நெருக்கமான சில முதல் நாவல்களை இந்தக் கேள்வியோடு திரும்பப் படித்துப் பார்த்தேன்.

தமிழின் முதல் நாவலை எழுதியவர் ஒரு கத்தோலிக்கர் என்பதை நாம் மேடைகளில் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். சொல்பவர்களில் எத்தனை பேர் அந்நாவலைப் படித்திருக்கிறார்கள் என்பது வேறு செய்தி. மாயூரம் வேதநாயகம் பிள்ளை 1826இல் குளத்தூரில் பிறந்தார். தரங்கம்பாடி, சீர்காழி, மாயவரம் ஆகிய ஊர்களில் முன்சீப்பாகப் பணியாற்றினார். அவருடைய 'நீதிநூல்' வெளியானது 1859இல். 'பிரதாப முதலியார் சரித்திரம்' அச்சேறியது 1879இல். இடையில் இருபது ஆண்டுகள். இந்த இடைவெளியில் நீதிமன்றத் தீர்ப்புகளை 'சித்தாந்த சங்கிரகம்' என்னும் பெயரில் தமிழாக்கினார், பெண்கல்விக்காக எழுதினார், சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள் இயற்றினார். முதல் நாவல் நூலாகியபோது அவருக்கு ஐம்பது வயது கடந்திருந்தது. தமிழில் உரைநடை நூல்கள் போதவில்லை, அக்குறையைத் தீர்க்க வேண்டும் என்பதே தம் நோக்கமென்று முன்னுரையில் தெளிவாகக் கூறியிருக்கிறார்.

அவருடைய எழுத்துப் பழக்கத்தைத் தேடி வேறெங்கும் போக வேண்டியதில்லை, நாவலே காட்டிக்கொடுக்கிறது. சாட்சி ஒவ்வொருவரையும் முழுவதும் பேசவிட்டுக் கேட்ட நீதிபதியின் நடை அது. கதைக்குள் கதை, அதற்குள் ஒரு வேடிக்கை, அதன் முடிவில் ஒரு நீதி. இன்றைய வாசகருக்கு அந்த நீதிகள் சற்றுக் கூடுதலாகத்தான் தோன்றும், எனக்கும் தோன்றின. மறையுரை வழங்குகிறவன் இதைச் சொல்வது பொருந்துமா என்று என் பங்கு மக்கள் கேட்கக்கூடும். ஆனால் ஆண் வேடமிட்டு நாடாளும் ஞானாம்பாள் அந்தப் பக்கங்களில் வரும்போதெல்லாம் நீதிகள் பின்வாங்கிவிடுகின்றன. கதை தானே நடக்கிறது. அவருடைய முதல் வாசகர் யாவர்? மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவருடைய நண்பர். அவர்மீது 'குளத்துக் கோவை' பாடியவர். சைவப் புலவரும் கத்தோலிக்க முன்சீப்பும் ஒருவர் எழுத்தை மற்றவர் மதித்த ஒரு சூழல் மாயவரத்தில் இருந்தது. நாவலாசிரியர் தம் சமயத்தைக் கதையின் முன்னே நிறுத்தாமல் எழுதியதற்கு இச்சூழலும் ஒரு காரணமென்று நான் எண்ணுகிறேன்.

எண்பத்தைந்து ஆண்டுகள் தாண்டி, 1964இல் வெளியானது ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு'. ஆசிரியை திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பேராசிரியர். கணவர் ஜேசுதாசன் தமிழ்ப் பேராசிரியர். கணவரின் தூண்டுதலால் தமிழில் எழுத வந்தவர் அவர். ஆங்கில இலக்கியம் கற்பித்தவர், தம் முதல் நாவலுக்குப் பனைவிளையின் பேச்சையே எடுத்துக்கொண்டார். பருவமெய்தியதும் வீட்டுக்குள் அடைபட்ட லிஸி, பனையேறி வீட்டுத் தங்கராசு, சரிந்துகொண்டிருக்கும் குடும்பப் பெருமை: மிகச் சிறிய வட்டம்தான். அவ்வட்டத்தை ஆசிரியை ஓரிடத்திலும் குரலுயர்த்தாமல் சொல்லிமுடிக்கிறார். இந்நாவலைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. ஒரு மாலையில் படித்துவிடலாம், படியுங்கள்.

அடுத்ததைப் பற்றித்தான் நான் சற்று நின்று பேச வேண்டும்.

பாமாவின் 'கருக்கு' 1992இல் வெளிவந்தது. அதை நாவல் என்பதா, தன்வரலாறு என்பதா என்று ஆய்வாளர்கள் இன்னும் வழக்காடுகின்றனர். ஆசிரியையின் முதல் நூல் அது என்பதில் வழக்கில்லை. ஏழைச் சிறுமிகளுக்குக் கற்பிக்கும் விருப்பத்தோடு துறவற சபையில் சேர்ந்து, ஏழு ஆண்டுகளுக்குப் பின் அங்கிருந்து வெளியேறிய பெண் ஒருவர், வேலையும் இடமும் இல்லாத நிலையில், நண்பர் ஒருவரின் தூண்டுதலால் தம் நினைவுகளை எழுதத் தொடங்கினார். ஆகவே எழுதும் மேசையைப் பற்றியோ எழுதும் நேரத்தைப் பற்றியோ அவரிடம் கேட்பது பொருளற்றது. காலவரிசை இல்லை, ஒரு நிகழ்ச்சி மறுபடியும் வேறொரு பக்கத்தில் தலைகாட்டுகிறது. காயத்தை நினைப்பவர்கள் வரிசையாகவா நினைக்கிறார்கள்? பனைமட்டையின் இருபக்கமும் அறுக்கும் கருக்கை, எபிரேயர் திருமுகம் இறைவார்த்தைக்குச் சொல்லும் இருபக்கமும் கூர்மையான வாளோடு அவர் இணைத்துக் காட்டியபோது, விவிலிய விரிவுரையாளர் பலர் பல பக்கங்களில் சொல்ல முயன்றதைச் சில வரிகளில் சொல்லிவிட்டார்.

அப்போது நான் குருமடத்தில் மெய்யியல் மாணவன். நாட்காட்டித் தாளில் அட்டையிடப்பட்ட ஒரு பிரதி எங்களிடையே கைமாறிக்கொண்டிருந்தது. எனக்கு இரண்டு இரவுகள் கிடைத்தன. முதலில் சினம் வந்தது. நம் வீட்டுச் செய்தியை ஊரறியச் சொல்லலாமா என்னும் சினம். நாங்கள் மதித்த பேராசிரியர் ஒருவரிடம் கேட்டபோது, "உண்மைதான், ஆனாலும் இப்படியா சொல்வது?" என்றார். அந்த 'ஆனாலும்' எனக்குப் போதுமானதாக இருந்தது. புத்தகத்தை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாகப் படிக்கச் சென்றேன். அந்த நிம்மதியை இப்போது நினைக்கும்போது நாணமாக இருக்கிறது.

ஆனால் இதையும் சேர்த்தே பதிவு செய்ய வேண்டும். 'கருக்கை' வெளியிட்டது மதுரையில் இயேசு சபையினர் நடத்திய சமுதாயச் சிந்தனை செயல் ஆய்வு மையம். திருச்சபையின் ஒரு கதவை அடைத்துக்கொண்டு வெளியேறியவரின் கையெழுத்துப் பிரதிக்கு, அதே திருச்சபையின் இன்னொரு கதவு திறந்தது. நூல் வெளிவந்தபின் சொந்த ஊருக்குள் போக முடியாமல் ஆசிரியை சில மாதங்கள் துன்புற்றார். லட்சுமி ஹோம்ஸ்ட்ரோமின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2000இல் வெளிவந்து, கிராஸ்வேர்டு விருதும் பெற்ற பிறகு, 'நம்முடைய பாமா' என்று பேசும் குரல்கள் நம்மிடையே கூடின. முதல் பதிப்பு வந்தபோது அவ்வாறு பேசியவர்கள் எத்தனை பேர்?

இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' 1994இல் வந்தது. அந்நாவலின் ஆரோக்கியம் ஒரு கத்தோலிக்கப் பெண். ஒடுக்கப்பட்டோருக்குத் துணி வெளுக்கும் குலத்தவள். தன் மகன் குருவாக வேண்டுமென்று ஆசைப்படுகிறவள். நம் பங்குகளில் அவள் எங்கே அமர்ந்திருக்கிறாள் என்று அந்நூலைப் படித்த பின்னரே நான் தேடத் தொடங்கினேன். அவளுடைய ஒப்பாரியும் வேண்டுதலும் ஒரே மூச்சில் வருவதை எழுதிக்காட்டிய அந்த எழுத்தாளர் கத்தோலிக்கர் அல்லர் என்பது எனக்கு இன்னும் வியப்பு. கல்லூரிக் காலத்தில் அவரை வாசிக்கச் செய்தவர் திருச்சியில் ஆங்கிலப் பேராசிரியராயிருந்த எஸ். ஆல்பர்ட். நூலை வெளியிட்டது க்ரியா. ஆசிரியரோடு அமர்ந்து சொல் சொல்லாகப் பிரதியைச் செப்பனிடுவதைக் கடமையாகக் கொண்ட பதிப்பாளர் க்ரியா ராமகிருஷ்ணன், 2020இல் மறைந்தார். ஒடுக்கப்பட்டோருக்குள்ளேயே இருக்கும் மேல்கீழை எழுதியதற்காக நாவல் கடுமையாகக் கண்டிக்கப்பட்டது. சுந்தர ராமசாமி அதை மிக உயர்வாக மதிப்பிட்டார். இரண்டுக்கும் நடுவே நாவல் நிலைத்துவிட்டது.

ஜோ டி குருஸ் கப்பல் நிறுவனப் பணியில் இருந்தவர். உவரி கடற்கரையில் பிறந்தவர். அவருடைய முதல் நாவல் 'ஆழி சூழ் உலகு' 2004இல் தமிழினி வெளியீடாக வந்தது. கட்டுமரக் காலத்துப் பரதவர் வாழ்வின் ஏறத்தாழ அரை நூற்றாண்டு அதில் உள்ளது. கோவிலும் குருவும் சாராயமும் பகையும் ஒரே உப்புக்காற்றில் கலந்து வருகின்றன. பாத்திரங்கள் மிகுதியாதலால் முதல் நூறு பக்கங்களில் நான் வழிதவறினேன். அதை ஒரு குறையென்றே சொல்வேன். தம் மக்களிடமிருந்தே அவர் கசப்பைச் சந்தித்தார். 2013இல் 'கொற்கை' நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தபோது பாராட்டியவர்கள் பலர்.

இங்கே தோப்பில் முஹம்மது மீரானை நினைக்காமல் போக முடியாது. மலையாள வழிக் கல்வி பெற்ற அவருடைய 'ஒரு கடலோர கிராமத்தின் கதை', தம் சமூகத்துப் பெரிய மனிதர்களின் ஆணவத்தைத் திறந்து காட்டும் நாவல். அது முதலில் தொடராக வந்தது 'முஸ்லிம் முரசு' இதழில், 1988இல் நூலானது. ஒரு சமய இதழ், தன் சமூகத்தின் கசப்பான கதைக்கு மாதந்தோறும் பக்கங்களை ஒதுக்கியது. நம் மறைமாவட்ட இதழ்கள் அனைத்தையும் மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். விழா மலர்களுக்கும் வாழ்த்துக் கவிதைகளுக்கும் நம்மிடம் பக்கங்கள் உண்டு. நம்மைச் சுடும் தொடர்கதைக்கு?

எரேமியா நூலின் முப்பத்தாறாம் அதிகாரத்தில் ஒரு கையெழுத்துப் பிரதியின் வரலாறு இருக்கிறது. இறைவாக்கினர் சொல்லச் சொல்லப் பாரூக்கு சுருளேட்டில் எழுதுகிறார். அதை மக்கள் முன்னும் அலுவலர் முன்னும் வாசிக்கிறார். யோயாக்கிம் அரசன் குளிர்கால மாளிகையில் கணப்பருகே அமர்ந்து கேட்கிறான். மூன்று நான்கு பத்திகள் வாசிக்கப்பட்டதும் கத்தியால் அறுத்து நெருப்பில் போடுகிறான். சிலர், எரிக்க வேண்டாம் என்று வேண்டுகிறார்கள், கேட்கவில்லை. பின்னர் எரேமியா வேறொரு சுருளேட்டை எழுதுவிக்கிறார்; முன்னதைவிட அதில் சொற்கள் கூடுதல். இப்பகுதியை நான் பலமுறை மறையுரைக்கு எடுத்திருக்கிறேன்; எப்போதும் அரசனைக் கண்டித்து, எரேமியாவின் பக்கம் நின்று. அந்த அறையில் பேசாமல் நின்றவர்களைப் பற்றி ஒருமுறையும் பேசியதில்லை.

திரும்பவும் நம் இளைஞரிடம் வருகிறேன். நூல் வெளியிடுவது இன்று எளிதாகிவிட்டது. ஐம்பது பிரதிகள் மட்டும் அச்சிட்டுத் தரும் வசதி உண்டு. பணம் கட்டினால் அட்டையும் முன்னுரையும்கூட ஆயத்தம். சனவரிப் புத்தகக் காட்சிக்குள் நூலைக் கொண்டுவந்து விடலாமென்று யாரோ அவரிடம் இருபத்தையாயிரம் ரூபாய் கேட்டிருக்கிறார்கள். இரவுப் பணி செய்பவரின் ஒன்றிரண்டு மாத ஊதியம் அது. கொடுக்க வேண்டாமென்று தடுத்தேன். அச்சிடுபவர் கிடைத்துவிடுவார், படித்து, எட்டாம் அத்தியாயம் தேவையில்லை என்று சொல்பவர் கிடைப்பது அரிது. ஆல்பர்ட்டும் ராமகிருஷ்ணனும் செய்த பணிக்கு விலைப்பட்டியல் இல்லை.

தடுத்துவிட்டேனே தவிர, நான் செய்தது என்ன? தவக்காலத்தில் வாங்கிய கோப்பை ஆகஸ்டு மாதம்தான் பிரித்தேன். திருவிழா, கட்டட நிதி, மறைக்கல்வி என்று காரணங்கள் இருந்தன. முதல் சில பக்கங்களைப் புரட்டியபோதே, கதை அவருடைய சொந்த ஊர்ப் பங்கில் நடப்பதையும், கல்லறைத் தோட்டத்தின் நடுவே எழுந்த சுவர் ஒன்றைச் சுற்றியே அது நகர்வதையும் கண்டுகொண்டிருந்தேன். தாமதத்துக்கு அதுவும் காரணமென்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

நாவல் முழுமையானதன்று. உரையாடல் நன்று, வருணனை இரவல். நாயகனின் காதல் திரைப்படத்திலிருந்து வந்தது. ஆனால் தாத்தாவின் உடலைச் சுவருக்கு எந்தப் பக்கம் கொண்டுபோவது என்று மழையில் எல்லோரும் நிற்கும் பதினோராம் அத்தியாயத்தை நான் மூன்றுமுறை படித்தேன். பங்குக் குரு குடையோடு வந்து, எதுவும் சொல்லாமல், கடிகாரத்தைப் பார்க்கிறார். அவ்வளவுதான்; ஆசிரியர் அவரைத் திட்டவில்லை.

முதல் வாசிப்பில் அந்தக் கடிகாரத்தின் பக்கத்தில் பென்சிலால் 'மிகை' என்று எழுதியிருந்தேன். நேற்றிரவு அதை அழித்தேன். அழித்த இடம் தாளில் தெரிகிறது. வரும் ஞாயிறு அவர் வரும்போது கோப்பை அப்படியே கொடுத்து, எட்டாம் அத்தியாயத்தைப் பற்றி முதலில் பேசுவதாக இருக்கிறேன்.