யானைக் கூட்டத்தில் முடிவெடுப்பது யார்?

கேழ்வரகு முற்றி நிற்கும் நாட்களில் தேன்கனிக்கோட்டைப் பக்கம் போயிருக்கிறீர்களா? வயலோரத்தில் பரண் கட்டி, டார்ச் விளக்கும் பட்டாசுமாக விவசாயிகள் இரவெல்லாம் விழித்திருப்பார்கள். கர்நாடகத்தின் பன்னேர்கட்டா காட்டிலிருந்து ஜவளகிரி வழியாக வரும் யானைகள், நொகனூர், சானமாவு போன்ற காடுகளில் பகலைக் கழித்துவிட்டு, இருட்டியதும் வயலில் இறங்குகின்றன. மறுநாள் செய்தியில் தவறாமல் ஒரு ‘தலைவன் யானை’ இடம்பெறும். அந்தத் தலைவனை விரட்டிவிட்டால் மற்றவையெல்லாம் ஓடிவிடும் என்று பேச்சு நடக்கும்.

இப்படி ஒரு தலைவன் உண்மையில் இருக்கிறானா?

பள்ளிப் புத்தகத்தில் நீங்கள் படித்தது வேறு. யானைக் கூட்டம் என்பது பெண் யானைகளும் குட்டிகளும் சேர்ந்த குடும்பம். வயது முதிர்ந்த பெண் யானையே வழி நடத்தும். ஆண் யானை பருவம் வந்ததும் பிரிந்து தனியே திரியும். இதுவும் முழுச் சரியல்ல. இலங்கையின் உடவளவையில் நடந்த ஆய்வுகள், ஆசிய யானைகளிடையே உறவு இவ்வளவு கட்டுக்கோப்பானதல்ல, கூட்டங்கள் அடிக்கடி பிரிந்தும் சேர்ந்தும் மாறுகின்றன என்று காட்டியுள்ளன. ஆப்பிரிக்க யானையைப் பற்றி எழுதியதை நம் யானைக்கும் பொருத்திவிடும் பழக்கம் நம் பாடநூல்களுக்கு உண்டு.

வயலுக்கு வருபவையோ பெரும்பாலும் ஆண் யானைகள். 1980-களின் தொடக்கத்தில் சத்தியமங்கலம், பிலிகிரிரங்கன் மலைப் பகுதியில் ராமன் சுகுமார் செய்த ஆய்விலேயே இது வெளிப்பட்டது. குடும்பக் கூட்டங்களைவிட ஆண் யானைகள் பல மடங்கு அதிக இரவுகள் பயிருக்கு வந்தன. சத்துள்ள உணவு கிடைக்கிறது. ஆனால் உயிருக்கு ஆபத்தும் உண்டு.

இந்த வரிசையில் வந்ததுதான் நாம் இங்கு எடைபோட இருக்கும் ஆய்வுக் கட்டுரை. நிஷாந்த் சீனிவாசய்யா, அனிந்திய சின்ஹா, சுகுமார் முதலியோர் எழுதி, 2019-இல் ‘சயின்டிபிக் ரிப்போர்ட்ஸ்’ இதழில் வெளியாயிற்று. தென்னிந்தியாவில் காடும் வயலும் கலந்து கிடக்கும் நிலப்பரப்பில், 23 மாதங்களில் பதிவான 1,445 புகைப்படப் பதிவுகளைக் கொண்டு 248 ஆண் யானைகளைத் தனித்தனியே அடையாளம் கண்டார்கள். மனித முகத்தைப் போல யானைக்கும் காது மடிப்பு, தந்தம், வால், தழும்பு என்று அடையாளங்கள் உண்டல்லவா? பொறுமை வேண்டும் வேலை இது.

காட்டுக்குள் அந்த ஆண் யானைகள் தனியாகவோ, பெண் யானைகள் உள்ள கூட்டத்துடனோ இருந்தன. காடு துண்டுபட்டு, வயலும் ஊரும் நிறைந்த இடங்களிலோ, ஆண்கள் மட்டுமே சேர்ந்த, நெடுநாள் நிலைத்திருக்கும் கூட்டங்கள் தோன்றின. அவற்றில் இருந்த இளம் ஆண் யானைகள் உடல் தேறியும் காணப்பட்டன. ஆபத்தான இடத்தில் பிழைப்பதற்கு யானைகள் கண்டுகொண்ட உத்தி இது என்கிறார்கள் ஆசிரியர்கள்.

கட்டுரையின் மதிப்பில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஆய்வுக் கட்டுரை என்றாலே தலையாட்டிவிடக் கூடாது. கூட்டத்தில் சேர்ந்ததால் உடல் தேறியதா, தேறிய யானைகள் கூட்டத்தில் சேர்ந்தனவா? புகைப்படம் இதற்குப் பதில் சொல்லாது. அடுத்து, திறந்த ஏரிக்கரையில் நிற்கும் பத்து யானைகளையும் ஒரே படத்தில் பிடித்துவிடலாம். மூங்கில் புதருக்குள் பத்து இருந்தால் இரண்டுதான் கண்ணில் படும். தலைப்பிலேயே ‘புதிய, தகவமைப்பான உத்தி’ என்கிறார்கள். புதியது என்று சொல்ல வேண்டுமானால் அன்றையதையும் இன்றையதையும் ஒப்பிட வேண்டும். 23 மாதப் படங்கள் ஓரிடத்தை இன்னோரிடத்தோடுதான் ஒப்பிடுகின்றன. இதே ஆசிரியர்கள் சுருக்கவுரையில் உடல் தேறியதாகத் ‘தோன்றுகிறது’ என்று அடக்கமாக எழுதுகிறார்கள். அந்த அடக்கம் தலைப்பிலும் இருந்திருக்கலாம்.

இவற்றைவிடப் பெரிய குறை, புகைப்படத்துக்குக் காது இல்லை என்பது. எப்போது காட்டைவிட்டுக் கிளம்புவது, எந்த வயலுக்குப் போவது, எப்போது திரும்புவது என்பதை அந்தக் கூட்டம் எப்படித் தீர்மானிக்கிறது? மனிதக் காது வினாடிக்கு சுமார் 20 அதிர்வுகளுக்குக் குறைந்த ஒலியைக் கேட்காது. அவ்வளவு தாழ்ந்த ஒலியில் யானைகள் பேசிக்கொள்ளக்கூடும் என்று முதலில் குறிப்பிட்டவர் நம் சென்னை இயற்கையாளர் மா. கிருஷ்ணன், எழுத்தாளர் மாதவையாவின் மகன். பின்னர் 1984-இல் கேட்டி பெய்ன் என்ற அமெரிக்கப் பெண்மணி போர்ட்லண்டு விலங்குக் காட்சிசாலையில் ஆசிய யானைகளின் அருகில் நின்றபோது, காதால் கேளாத ஓர் அதிர்வை உடலால் உணர்ந்தார். ஒலிநாடாவில் பதிந்து ஆராய்ந்ததில் 14 முதல் 24 அதிர்வுகள் கொண்ட ஒலிகள் வெளிப்பட்டன. இத்தகைய ஒலி சில கிலோமீட்டர் தூரம் செல்லும். அதாவது, பரணில் இருப்பவருக்கு நிசப்தமாகத் தோன்றும் இரவில் ஓர் உரையாடல் நடந்துகொண்டிருக்கலாம்.

ஆப்பிரிக்காவில் இதைக் கேட்டிருக்கிறார்கள். நமீபியாவின் எட்டோஷாவில், நீர்நிலையைவிட்டுக் கிளம்பும் வேளையில் ஓர் ஆண் யானை உறும, அது முடியும் தறுவாயில் மற்றவை ஒவ்வொன்றாகத் தொடர்ந்து உறுமிவிட்டு ஒன்றாக நகர்வதை 2024-இல் வெளியிட்டார்கள். போட்ஸ்வானாவில் நடந்த ஓர் ஆய்வு (2020), ஆண் யானை அணிகளில் முதியவையே முன்னே செல்வதைக் கண்டது. நம் யானையும் அப்படியே என்று சொல்லிவிட முடியாது. அந்தத் தவறை மேலே பார்த்தோம்.

தேன்கனிக்கோட்டை விவசாயிக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வியல்ல. பட்டாசு வெடித்து விரட்டும்போது கூட்டம் சிதறுகிறது. முதிய யானை ஒரு பக்கம், இளம் யானைகள் மறுபக்கம் என்று பிரிந்தால், வழி அறியாதவை ஊருக்குள் திரும்பக்கூடும். கூட்டமாகவே விட்டால் ஒரே வயலில் இரவு முழுதும் மேயக்கூடும். எது குறைந்த தீங்கு என்று முடிவு செய்ய, சிதறிய கூட்டம் மீண்டும் எங்கே, எத்தனை நாளில், யாரைச் சுற்றிச் சேர்கிறது என்று தெரிய வேண்டும். 248 யானைகளையும் முகம் பார்த்து அறிந்தவர்களால் இதைச் சொல்ல முடியும். விரட்டிய இரவுகளின் தேதிகளை வனத்துறையிடம் பெற்று, மறுவாரப் படங்களோடு வைத்துப் பார்க்க வேண்டும். சானமாவு ஏரிக்கரையில் தாழொலி பதியும் கருவி ஒன்றையும் வைத்துவிட வேண்டும்.