துரையின் கையெழுத்தும் பெரியம்மாவின் பெருவிரலும்

பசறைப் பக்கத்து லயங்களில் காம்பராவுக்கு ஒரு தகரப்பெட்டி இருக்கும். அதில் கல்யாணப் புடவைக்கு அடியில், சீலைத் துண்டில் சுற்றிய கடதாசிகள்: பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், அடையாள அட்டை, பிரஜாவுரிமைச் சான்றிதழ், சேமலாப நிதிச் சீட்டு. மழை கடுத்து மேட்டில் மண் அசைகிறதென்றால் பிள்ளைகளுக்கு அடுத்தபடியாகத் தூக்கிக்கொண்டு ஓடுவது அந்தப் பெட்டியைத்தான். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியபோது ஆட்களோடு பெட்டிகளும் புதைந்தன. தப்பியவர்கள் உறவுகளைத் தேடிய அதே நாட்களில் தாங்கள் யாரென்று காட்டும் கடதாசியையும் தேட வேண்டியிருந்தது.

எங்கள் வீட்டிலும் அப்படியொரு பெட்டி உண்டு. அதிலிருந்த கடதாசிகளில் பாதி எழுபதுகளில் இந்தியாவுக்குப் போய்விட்டன. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பமிட்ட உடன்படிக்கை நாடற்ற இந்திய வம்சாவளியினர் 9,75,000 பேரைக் கணக்கில் எடுத்து, 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் பிரித்தது. மிச்சமான 1,50,000 பேர் 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிடப்பட்டார்கள். பெரியம்மா அந்தப் பக்கத்துக் கணக்கில் விழுந்தார், அம்மா இந்தப் பக்கத்தில். மலைநாட்டு ஸ்டேசன்களில் அழுகை ஓயாத அந்த ரயிலை எங்கள் சனம் ஒப்பாரிக் கோச்சி என்றே சொன்னது. அதில் ஏறித் தலைமன்னார் போய், கப்பலில் ராமேஸ்வரம் இறங்கி, கடைசியில் நீலகிரியில் கூடலூர்ப் பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் பேர் பதிந்தார் பெரியம்மா. தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுக்க வளர்த்த தோட்டங்கள் அவை, இன்று டான்டீ என்று சொல்லப்படுபவை.

ஒரு வயிற்றுப் பிள்ளைகள் இருவர், ஒரே கொழுந்து வேலை. ஆனால் ‘இவர் இன்னார்’ என்று சொல்லும் அதிகாரம் இரண்டு நாட்டிலும் வெவ்வேறு கையில் போய்ச் சேர்ந்தது. இங்கே அது தோட்ட அதிகாரியின், எங்கள் வாயில் துரையின், கையெழுத்தாக இருந்தது. அங்கே இயந்திரத்துக்குப் போனது.

இங்கே அந்தப் பழக்கம் பழையது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியக் கரையிலிருந்து வந்த ஆளின் கழுத்தில் தோட்டத்தின் எண் பொறித்த தகரவில்லை ஒன்றைக் கட்டி அனுப்பினார்கள். ஆளின் பெயரைவிடப் போய்ச்சேர வேண்டிய தோட்டத்தின் எண்ணே முக்கியமாக இருந்தது. பிறகு ‘துண்டு’. இந்த ஆளின் கடனைக் கட்டினால் விடுவிக்கிறோம் என்று ஒரு தோட்டம் எழுதிக் கொடுக்கும் கடதாசி அது. கடனோடு சேர்த்து ஆளையும் கைமாற்றிய அந்த முறையை 1921இல் சட்டம் ஒழித்தது. துண்டு ஒழிந்தாலும், ஆளைப் பற்றித் தோட்டமே பேசும் வழக்கம் ஒழியவில்லை. தோட்டத்தில் பிள்ளை பிறந்தால் அதை அறிவிக்கும் பொறுப்பு தோட்ட அதிகாரிக்கு. 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின்கீழ் 1972இல் அடையாள அட்டை வந்தபோது, ஊரில் இருப்பவருக்குக் கிராம சேவகர் உறுதிப்படுத்த, தோட்டத்தில் இருப்பவருக்குத் துரை உறுதிப்படுத்தினார். 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளிடம் போன பிறகும் இந்தக் கையெழுத்து அந்த நாற்காலியிலேயே இருந்தது. சம்பளம் தருபவர் கையிலேயே, நீ யார் என்ற சாட்சியும் இருந்தது.

அட்டை பிரஜைகளுக்கு மட்டும் என்பதால் நாடற்றவர்களுக்கு அது கிடைக்கவில்லை. 1988லும் 2003லும் வந்த சட்டங்கள் அந்தக் கணக்கைத் தீர்க்கும்வரை, கொழும்புக் கடைகளில் வேலைக்குப் போன எங்கள் பையன்கள் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் அதற்கு விலை கொடுத்தார்கள். பழைய அட்டையின் எண்ணையே பாருங்கள். முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று, அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணென்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். கடைசியில் ஒரு எழுத்து: வாக்குரிமை உள்ளவருக்கு ‘வி’, இல்லாதவருக்கு ‘எக்ஸ்’. 2016இல் எண் 12 இலக்கமானபோது எழுத்து போய்விட்டது, பிறந்த நாளும் ஆண் பெண் என்பதும் இன்றும் எண்ணுக்குள்ளேயே இருக்கின்றன. இந்தியாவின் அடையாள எண்ணான ஆதாரும் 12 இலக்கம்தான். ஆனால் பெரியம்மாவின் எண்ணைப் பார்த்து அவர் ஆணா பெண்ணா, எந்த ஊர், எந்த வயது என்று யாரும் சொல்லிவிட முடியாது. அது இயந்திரம் தாறுமாறாகப் பொறுக்கிப் போட்ட எண். அந்த ஒரு விஷயத்தில் இந்தியா செய்தது நல்ல வேலை.

எனக்குப் பதினாறு வயதானபோது ஐசி என்று நாங்கள் சொல்லும் அடையாள அட்டைக்கான படிவத்தை எடுத்துக்கொண்டு தோட்டத்து ஆபீசுக்கு மூன்று நாள் நடந்தேன். முதல் நாள் துரை மலைக்குப் போயிருந்தார். இரண்டாம் நாள், தொழிற்சங்கப் பிரச்சினை ஒன்றில் அப்பா முன்னுக்கு நின்றதைப் பெரிய கிளாக்கர் நினைவுபடுத்தினார். மூன்றாம் நாள் கையெழுத்து விழுந்தது. அந்தத் தோட்டத்தின் பெயர் இங்கே வேண்டாம், இது எல்லாத் தோட்டத்துக் கதையும்தான். ஆனால் அதே கிளாக்கர் எங்கள் அம்மாயியைத் தெரிந்தவர். பிறப்புப் பதிவில் என் தாயின் பெயர் ஒரு எழுத்துத் தவறி இருந்ததைப் படிவத்தில் பார்த்தவுடன் சொல்லி, கச்சேரிக்கு என்ன கடிதம் கொண்டு போக வேண்டுமென்று எழுதியும் தந்தார். மனிதன் கையில் இருக்கும் அதிகாரம் பழிவாங்கும், தவறைத் திருத்தவும் செய்யும். இரண்டையும் ஒரே மேசையில் ஒரே வாரத்தில் பார்த்தேன்.

கூடலூரில் பெரியம்மாவுக்கு எந்தத் துரையும் கையெழுத்துப் போட வேண்டியிருக்கவில்லை. அது பெரிய விடுதலை என்று நானும் நினைத்திருந்தேன். 2020இல் தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் கைரேகைக் கருவி வந்தது. நாற்பது வருடம் கொழுந்து கிள்ளிய விரல்! பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சேரும் இடத்தில்தான் காம்பு ஒடிகிறது, ரேகை தேய்வதும் அங்கேதான். சாறு ஏறிக் கறுத்து, வெடித்து, ஆறி, மறுபடி வெடித்த தோல். கருவி அவரை இரண்டு தரம் மறுத்ததாம். கடைக்காரர் நல்லவர், கையைத் துடைத்துவிட்டு வேறு விரலை வைக்கச் சொன்னார். பேரனின் போனுக்கு இரகசிய எண் வந்து அரிசி கிடைத்தது. “என்னைய எனக்கே இல்லேன்னுடுச்சு தம்பி” என்று தொலைபேசியில் சொன்னார். பிறகு கருவிழி பார்க்கும் கருவிகள் வந்தன.

தமிழ்நாட்டில் எல்லாருக்கும் ரேஷன் என்ற ஏற்பாடு இருப்பதால் அது ஒரு நாள் அலைச்சலோடு முடிந்தது. வடக்கே அப்படி முடியவில்லை. இந்திய அரசின் 2016-17 பொருளாதார ஆய்வறிக்கையே, அடையாளம் சரிபார்த்தல் தோற்றுப்போகும் அளவு பற்றிய மதிப்பீடுகளில் ஜார்க்கண்டுக்கு 49 வீதம், ராஜஸ்தானுக்கு 37 வீதம் என்று குறித்தது. 2017 செப்டெம்பரில் ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். ஆதாரோடு இணைக்காததால் ரேஷன் அட்டை வெட்டப்பட்டது, பசியால் இறந்தாள் என்றது குடும்பம். மலேரியா என்றது நிர்வாகம். இயந்திரம் ‘இல்லை’ என்றால் யாரிடம் போய் வழக்குச் சொல்வது என்பது அந்த வீட்டுக்குத் தெரியவில்லை. துரை மறுத்தால் அவர் பங்களா வாசலிலாவது போய் நிற்கலாம்.

கம்பனிகளின் கதை இன்னொன்று. 2017இல் இந்தியாவில் கைபேசி எண்ணை ஆதாரோடு சரிபார்க்க விரல் வைத்தவர்களில் பலருக்கு, அவர்கள் கேட்காமலே ஏர்டெல் பேமெண்ட்ஸ் வங்கியில் கணக்குத் திறக்கப்பட்டது. சமையல் எரிவாயு மானியம் அந்தக் கணக்குகளுக்குப் போய்விட்டது. ஆதார் ஆணையம் அந்த டிசம்பரில் நிறுவனத்தின் சரிபார்ப்பு அனுமதியை நிறுத்தியது, சுமார் 190 கோடி ரூபாய் திருப்பிக் கொடுக்கப்பட்டது. ஒரு வேலைக்கென்று வைத்த விரல் இன்னொரு வேலைக்கும் சம்மதமாகிவிடும் ஆபத்து இதுதான்.

நம் பக்கம் இதைவிடச் சுத்தம் என்று நான் சொல்லமாட்டேன். பசறை பஸாரில் சிம் வாங்க, அடகு வைக்க, தவணைக்கு டீவி எடுக்க, எல்லாவற்றுக்கும் ஐசியின் போட்டோகொப்பி. அந்தக் கொப்பிகள் எந்த லாச்சியில் கிடக்கின்றன, எந்தக் கடைக்காரர் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட்டார் என்று யாருக்கும் தெரியாது. இந்தியாவில் 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூர் அலுவலகம், ஆதார் நகலைக் கண்ட இடத்தில் கொடுக்க வேண்டாம் என்று ஒரு அறிவிப்பு விட்டது. ஊர் பதறியது, இரண்டு நாளில் அதைத் திரும்பப் பெற்றார்கள். அப்படியொரு அறிவிப்புக்குப் பதறும் அளவுக்கு அங்கே இது பேச்சாகியிருக்கிறது. இங்கே நாம் இன்னும் பேசத் தொடங்கவே இல்லை.

அந்தப் பேச்சுதான் இந்தியர் சம்பாதித்த சொத்து என்று நினைக்கிறேன். புட்டசுவாமி என்ற ஓய்வுபெற்ற நீதிபதி தொடுத்த வழக்கில், 2017 ஓகஸ்ட் 24இல் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் சொன்னார்கள். 2018 செப்டெம்பர் 26இல் நலத்திட்டங்களுக்கு ஆதாரை அனுமதித்த நீதிமன்றம், தனியார் கம்பனிகள் அதைக் கேட்க வழிசெய்த பகுதியை வெட்டியது. நீதிபதி சந்திரசூட் மட்டும் முழுச் சட்டமும் செல்லாது என்று தனியே எழுதினார். அடுத்த வருடமே திருத்தச் சட்டம் ஒன்று, விருப்பத்தின் பேரில் என்று சொல்லிக் கம்பனிகளுக்குக் கதவைக் கொஞ்சம் திறந்துவிட்டது. ஆனாலும் கையில் தங்கியவை உண்டு. பெரியம்மாவின் பேரன் போனில் காட்டினான்: கடந்த ஆறு மாதத்தில் அவருடைய எண்ணை எந்த நிறுவனம் எந்தத் தேதியில் எத்தனை மணிக்குச் சரிபார்த்தது என்ற பட்டியல். வேண்டாத நேரத்தில் கைரேகையைப் பூட்டியும் வைக்கலாம். பெரியம்மாவுக்கு அந்தப் பட்டியலை வாசிக்கத் தெரியாது. பேரன் வாசித்துச் சொல்ல, ரேஷன் கடை, வங்கி, மறுபடி ரேஷன் கடை என்று தலையாட்டினாராம். என் ஐசி எண்ணை யார் யார் பார்த்தார்கள் என்று கேட்க எனக்கு ஆட்பதிவுத் திணைக்களத்திலும் வழி இல்லை, போன் கம்பனியிலும் இல்லை.

இயந்திரத்தை நம்ப நம் சனத்துக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். 2022இல் பெற்றோல் செட்டுகளில் நாள்கணக்காக வரிசை நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். செட்காரருக்குத் தெரிந்தவருக்குக் கேனில் போனது, தெரியாதவர் முச்சக்கர வண்டிக்குள் படுத்துக் கிடந்தார். அந்த ஜூலையில் கியூ.ஆர். முறை வந்தது. அடையாள அட்டை எண்ணும் வாகன விபரமும் கொடுத்தால் வாரப் பங்கு, முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4. குறைவுதான். ஆனால் எடுத்தது எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று ஓட்டுநர் தன் போனிலேயே பார்க்க முடிந்தது. பெரியவருக்கும் அதே கணக்கு. என் பங்கை என் கண்ணால் பார்க்கக் கொடுத்த இயந்திரம் என்பதால் அதற்கு மரியாதை கிடைத்தது.

இப்போது அடுத்தது வருகிறது. விரல், முகம், கருவிழி மூன்றும் பதியும் எண்ணிம அடையாளத் திட்டத்துக்கு 2022 மார்ச்சில் கொழும்பும் டெல்லியும் ஒப்பமிட்டன. செலவுக்கு இந்தியா நன்கொடை தருகிறது, 2023 ஓகஸ்டில் 45 கோடி இந்திய ரூபாய் முற்பணமும் வந்தது. இயந்திரம் அங்கிருந்து வருகிறது. அதன்மேல் அங்குள்ள சனம் போட்ட வழக்கும் வாங்கிய பூட்டும் பட்டியலும் சேர்ந்து வருமா? நம்மிடம் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஆனால் அதன் முக்கியமான பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவேண்டிய நேரத்தில் ஒத்திவைக்கப்பட்டன. விரலை முதலில் எடுத்துக்கொண்டு காவலைப் பிறகு போடுவது முறையல்ல.

எனக்கு இந்தத் திட்டம் வேண்டும். துரையின் கையெழுத்துக்கு மூன்று நாள் நடந்தவன் அதை வேண்டாமென்று சொல்ல முடியாது. கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வந்து, தப்பால்காரர் கையில் காய்ந்து, நேர்முகப் பரீட்சை முடிந்த பிறகு லயத்துக்கு வரும் வாழ்க்கையில், நான் யாரென்பதைக் கம்பனியைக் கேட்காமல் நானே காட்ட முடிவது பெரிய காரியம். ஆனால் ஊவாவில் ஜூலையில் தொடங்கி அடிக்கும் கச்சான் காற்றுதான் இந்த மலைத் தேயிலைக்கு உலகம் விலை கொடுக்கும் வாசனையைத் தருகிறது. அதே வறண்ட காற்றில்தான் கொழுந்து கிள்ளும் விரல்கள் பிளக்கின்றன. அந்த மாதங்களில் பசறையிலும் லுணுகலையிலும் மடுல்சீமையிலும் கருவி எத்தனை பெண்களை மறுக்கும் என்று கொழும்பில் திட்டம் போடுகிறவர்கள் இங்கே வந்து பார்த்துவிட்டுப் போகட்டும். விரல் தோற்றால் அஸ்வெசும உதவிப்பணமும் மருந்தும் சேமலாப நிதியும் தோற்கக்கூடாது என்பதைச் சட்டத்தில் எழுதட்டும், சுற்றறிக்கையில் எழுதினால் போதாது. இந்தியாவும் 2017 ஒக்டோபரில் சுற்றறிக்கைதான் விட்டது, அது கடைவாசல்வரை போய்ச்சேரப் பட்ட பாடு பெரிது.

உங்கள் தோட்டத்துப் பிரட்டுக்களத்துக்கு நடமாடும் சேவை வந்து விரலை வைக்கச் சொல்லும் நாளில் மூன்று கேள்வி கேளுங்கள். எதற்கு எடுக்கிறீர்கள்? யார் யார் பார்ப்பார்கள்? பிழை வந்தால் எந்த மேசைக்கு வர வேண்டும்? பதிலைத் தமிழில் அச்சடித்த சீட்டாக வாங்கித் தகரப்பெட்டியில் வையுங்கள். சீட்டு இல்லையென்றால், அது வரும்வரை வரிசையில் நில்லுங்கள்.