பூட்டிய வீடும் இரண்டு வருஷக் கெடுவும்

நேமத்தான்பட்டியில் எங்கள் வீடு வருஷத்தில் பத்து நாள் திறந்திருந்தாலே அதிகம். பங்காளிகள் சென்னை, கோவை, சிங்கப்பூர் என்று கிடக்கிறார்கள். படைப்புக்கோ கல்யாணத்துக்கோ யாராவது சாவியோடு வந்தால் உண்டு. ஒட்டடை அடித்து முடித்ததும் வளவுச் சுவரில் அத்தனை பேரும் வரிசையாக இருப்பார்கள். ரங்கூன் ஸ்டுடியோவில் கோட்டு மாட்டி நிற்கும் பாட்டையா, அவர் பக்கத்தில் யாரென்று யாருக்குமே தெரியாத ஒரு பையன். ஒருமுறை மூன்று வருஷம் பூட்டியே கிடந்தது. அப்போதும் படங்கள் அங்கேயேதான் தொங்கின.

கூகுள் போட்டோஸை ஒரு பிரதியாக வாசிக்கும்போது எனக்கு இந்தச் சுவர்தான் குறுக்கே வருகிறது. 2015இல் வரம்பில்லாத இலவசம் என்று வந்தார்கள் (படத்தைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்வார்கள், அது வேறு கதை). 2021 ஜூன் 1 முதல் மெயிலையும் சேர்த்து 15 ஜிபிதான் என்றார்கள். ஃப்ளிக்கரும் 2013இல் ஒரு டெராபைட் கொடுத்துவிட்டு, 2018இல் ஆயிரம் படம் என்று சுருக்கியது. இதெல்லாம் வியாபாரம், கோபிக்க ஒன்றுமில்லை. என்னை உறுத்துவது 2023இல் கூகுள் அறிவித்த விதி: இரண்டு வருஷம் பயன்படுத்தாத கணக்கை, அதிலுள்ள படங்களோடு அழிக்கலாம். செட்டிநாட்டில் இரண்டு வருஷம் பூட்டிக் கிடப்பதெல்லாம் ஒரு பூட்டலா?

ஆனாலும் அந்தச் செயலியை லேசில் தள்ளிவிட முடியாது. சுவர்ப் படங்களை நான் போனில் எடுத்து ஏற்றியபோது, அந்தப் பெயர் தெரியாத பையனையும் என் மகனையும் ஒரே முகம் என்று சேர்த்துவிட்டது. தப்புதான். ஆனால் அப்பத்தா ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "அப்ப நம்ம வீட்டுப் புள்ளதான்டா" என்றார். எழுபது வருஷமாகச் சுவர் சொல்லாத ஒன்று.

அதே செயலியின் 'நினைவுகள்' பகுதி எனக்கு ஒத்துவரவில்லை. சிரித்த முகங்களாகப் பொறுக்கி, பாட்டுப் போட்டு நீட்டுகிறது. சுவரில் சிரிக்கிறவர் ஒருத்தர்கூடக் கிடையாது.

போன வருஷம் பெரியப்பா தவறிப்போனார். இருபது வருஷக் குடும்பப் படங்கள் அவர் கணக்கில் இருந்தன. கடவுச்சொல்லைக் கேட்டு வைக்க யாருக்கும் தோன்றவில்லை, சாஃப்ட்வேர்காரனான எனக்கும்தான். அதற்குப் பிறகுதான் மாற்று தேட ஆரம்பித்தேன். எண்டே என்று ஒன்று இருக்கிறது, மலையாளத்தில் 'என்னுடைய' என்று அர்த்தம். நம் போனிலேயே படத்தை மறையாக்கம் செய்து அனுப்புவதால், நடத்துகிறவர்களாலும் பார்க்க முடியாது. நல்லதுதான். ஆனால் முன்கூட்டியே யாரையாவது நியமிக்காமல் போய்விட்டால், பிள்ளைகளாலும் பார்க்க முடியாது. 'என்னுடைய' என்ற பெயர் அங்கே கொஞ்சம் உதைக்கிறது. வளவில் இருப்பது எதுவும் ஒருத்தருடையதாக இருந்ததில்லையே.

இப்போதைக்கு எண்டேயையே எடுத்துக்கொண்டேன். மீட்புச் சாவியான இருபத்து நாலு ஆங்கிலச் சொற்களையும் தாளில் எழுதி, ஒரு ஹார்ட் டிஸ்க்கோடு வீட்டு இரும்புப் பெட்டியில் வைத்தாயிற்று. "இது என்னடா, மந்திரமா?" என்று கேட்ட அப்பத்தா, பெட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். தம்பியிடம் ஒரு நகல் கொடுத்திருக்கிறேன். பெரியப்பா படம் ஒன்றைப் பெரிதாக்கி மாட்டுவதற்குத்தான் சுவரில் இன்னும் ஆணி அடிக்க ஆள் கிடைக்கவில்லை. முட்டை வெள்ளைக்கரு கலந்து பூசிய சுவராம், ஆணி இறங்க மாட்டேன் என்கிறது.