காதால் ஓட்டிய கார்

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற சாலையில் சுண்ணாம்புக்கல் லாரிக்குப் பின்னால் பைக்கில் மாட்டியவர்களுக்குத் தெரியும்: முன்னால் வெள்ளைப் புழுதி, அதற்கு அப்பால் எதுவும் தெரியாது. அப்போதெல்லாம் என் காதில் ஒரு குரல் கேட்கும். "சிக்ஸ் ரைட்... த்ரீ லெஃப்ட்... டோன்ட் கட்." நிக்கி கிரிஸ்டின் குரல்.

'கோலின் மெக்ரே ராலி 2.0', கோட்மாஸ்டர்ஸ் நிறுவனம் 2000-இல் வெளியிட்ட வீடியோ கேம். 1995-இல் உலக ராலி பட்டம் வென்ற ஸ்காட்லாந்துக்காரர் மெக்ரேயின் பெயர் அதற்கு. வழி சொல்பவர் அந்நாளில் நிஜமாகவே அவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்த கோ-டிரைவர் கிரிஸ்ட். பெரம்பலூரில் ஒரு பிரவுசிங் சென்டரில், ரோட் ராஷ் பைக் கேமில் சங்கிலி சுழற்றும் கூட்டத்துக்கு நடுவே, நான் ஓர் ஓரத்து கம்ப்யூட்டரில் இதை ஓட்டிக்கொண்டிருப்பேன்.

ராலியில் முந்துவதற்கு முன்னால் ஆளில்லை. தனியாக ஓடி, கடிகாரத்தை ஜெயிக்க வேண்டும். அதனால் சாலைதான் எதிராளி. அந்தச் சாலையைக் கிரிஸ்ட் எண்ணாக்கிச் சொல்வார். ஆறு என்றால் லேசான வளைவு, வேகத்தைக் குறைக்க வேண்டியதில்லை. எண் இறங்க இறங்க வளைவு கடுமை. அழகு எங்கே என்றால், இந்த வளைவில் நீங்கள் திணறிக்கொண்டிருக்கும்போதே அவர் அடுத்ததைச் சொல்லிவிடுவார். கை இங்கே, காது அங்கே. கண்ணை நம்புகிறவன் எப்போதும் ஒரு வளைவு பின்தங்கியே இருப்பான்.

நம்மூர் லாரி டிரைவருக்கு இது புதிதல்ல. ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் உள்ள பள்ளம் அவருக்குத் தெரியாது. "வரலாம்... வரலாம்... லெஃப்ட்ல ஒடி..." என்று க்ளீனர் பாடியில் போடுகிற தட்டும் கொடுக்கிற குரலும்தான் அவருக்குக் கண்.

கேமில், கென்யாவின் மண்சாலையில் ஒரு த்ரீ லெஃப்ட். வளைவு வருமுன்பே மூக்கைத் திருப்பி, ஹேண்ட்பிரேக்கான ஸ்பேஸ் பாரில் ஒரு தட்டு. பின்பக்கம் நழுவும். நழுவிய கணமே எதிர்ப்பக்க அம்புக்குறியில் இன்னொரு தட்டு, பிடித்துக்கொள்ளும். அழுத்திப் பிடித்தால் பாறையில் போய்ச் செருகும். சக்கரம் தாரில் போகிறதா, சரளையில் போகிறதா என்பதும் சத்தத்தில் தெரியும். இடித்தால் பம்பர் தொங்கும், கண்ணாடி விரிசல் விடும். எங்கள் பக்கத்துக் காரை கிராமத்தில், மழை அரித்த மண்மேடுகளைப் பார்க்கும்போது எனக்கு அந்தக் கென்யாதான் நினைவுக்கு வரும். அந்த மேடுகளில் கல்லாய்ப் போன கடற்சிப்பி பொறுக்குகிறவர்கள் மன்னிக்க வேண்டும்.

மெக்ரே 2007-இல் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தார், 39 வயது. கேமுக்கும் வயதாகிவிட்டது. மரங்கள் வெட்டி ஒட்டிய அட்டை போல, வேடிக்கை பார்ப்பவர்கள் காகிதப் பொம்மை போல.

போன பொங்கலுக்கு அக்கா மகனுக்குப் போட்டுக் கொடுத்தேன். சத்தத்தை நிறுத்திவிட்டு செல்போனில் பாட்டுப் போட்டுக்கொண்டான். இரண்டாவது வளைவிலேயே மரம்.

"ரோடு எங்க போவுதுன்னே தெரியல மாமா."

பாட்டை அணைத்து, ஸ்பீக்கரைத் திருகினேன். மேட்டின் மீது கார் ஏறியது. அந்தப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை. "ஃபோர் ரைட்" என்றார் கிரிஸ்ட். மேடு முடியுமுன்பே அவன் விரல் வலப்பக்கம் தட்டியிருந்தது.