ரஜுலாவுக்கு வீடு கேட்டவர் யார்?

கடல் இல்லாத ஊரிலிருந்து கப்பலைப் பற்றி எழுதுகிறேன். திண்டுக்கல்லில் மலைக்கோட்டை உண்டு, தோல் ஷாப்புகள் உண்டு, அலை கிடையாது. ஆனாலும் எங்கள் வீட்டுப் பரணில் ஒரு கப்பல் கிடந்தது: தாத்தா மலேயாவிலிருந்து கொண்டுவந்த தகரப் பெட்டி.

‘எந்தக் கப்பல்ல தாத்தா வந்தீங்க?’

‘ரஜுலாவுல.’

‘எப்படி இருந்துச்சு?’

‘என்னத்தச் சொல்ல. டெக்குல படுத்துக் கெடந்தோம். மழ பேஞ்சா நனஞ்சோம்.’

அவ்வளவுதான் அவருடைய கடற்பயண இலக்கியம்.

‘யுனைடெட் ஸ்டேட்ஸ்’ என்கிற அமெரிக்கப் பயணிக் கப்பல் 1952-இல் அட்லாண்டிக்கை அதிவேகமாகக் கடந்து சாதனை படைத்தது. 1969-இல் ஓய்வு பெற்றது. அதைக் காப்பாற்றவும் புதிய இடம் தேடவும் ஓர் அமைப்பு ஆண்டுக்கணக்கில் போராடியது. வாடகைத் தகராறு நீதிமன்றம்வரை போனது. கடைசியில் 2024-இல் ஃபுளோரிடாவின் ஒகலூசா கவுண்டி அதை வாங்கியது, கடலில் மூழ்கடித்து மீன்களுக்கான செயற்கைப் பாறைத்திட்டு ஆக்குவதற்காக. தோற்ற போராட்டம்தான். ஆனால் அழுவதற்கு ஆள் இருந்தது.

ரஜுலா 1926-இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்டது. பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக்காகச் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. முதல் வகுப்பில் சில பத்துப் பேர். டெக்கிலோ தொடக்கத்தில் 5000 பேருக்கும் மேல் ஏற்ற அனுமதி. 1973-இல் இந்தியக் கப்பல் கழகத்துக்கு விற்கப்பட்டு ‘ரங்கத்’ என்று பெயர் மாறி, 1974-இல் பம்பாயில் உடைக்கப்பட்டது. 47 வருஷம் நம் சனங்களைச் சுமந்த கப்பலுக்குப் புதிய வீடு கேட்டு இங்கே இயக்கம் எதுவும் எழவில்லை.

‘பாதுகாத்தல்’ என்கிற சொல்லாடல் எதைப் பாதுகாக்கிறது? லாங் பீச்சில் நிற்கும் ‘குயின் மேரி’யும் துபாயில் நிற்கும் ‘குயின் எலிசபெத் 2’-ம் இன்று ஓட்டல்கள். அங்கே முதல் வகுப்பு மறுபிறவி எடுக்கிறது. டெக்கில் பாதுகாக்க என்ன இருக்கிறது? வெற்று இரும்புத் தரை. படுத்திருந்த உடம்புகள் எழுந்து போய்விட்டால் வரலாறும் எழுந்து போய்விடுகிறது.

‘அப்ப ரஜுலாவையும் நாகப்பட்டினத்துல நிறுத்தி வச்சிருக்கணுங்கிறீங்களா?’ என்று நண்பர் மடக்கினார். தயங்குகிறேன். நிறுத்தியிருந்தால் அதற்கு வெள்ளையடித்து, ராஜேந்திரன் கடாரம் கொண்ட கதையின் கடைசி அத்தியாயமாக்கி, டிக்கெட் போட்டு விற்றிருப்பார்கள். கங்காணி ஆள் பிடித்ததும், தோட்ட முதலாளிகளுக்கு மலிவுக் கூலி தேவைப்பட்டதும், 1938-இல் இந்திய அரசு அந்த ஆள்சேர்ப்பைத் தடை செய்ததும் அந்தப் பெருமிதத்துக்குள் காணாமல் போயிருக்கும். கூலியை இரண்டாம் முறையும் நாடு கடத்தியிருப்போம்.

உடைப்பதிலும் இதே படிநிலைதான். பிரான்சின் பெருமையான ‘பிரான்ஸ்’, பிறகு ‘நார்வே’ ஆகி, ‘புளூ லேடி’ ஆகி, 2006-இல் குஜராத்தின் அலாங் கரைக்கு வந்தது. கல்நார் அபாயம் பற்றிய வழக்குக்குப் பின் 2007-இல் உச்ச நீதிமன்றம் உடைக்க அனுமதித்தது. அழகை அவர்கள் அனுபவித்தார்கள், தூசி நம் தொழிலாளியின் நுரையீரலுக்கு. வீடிழந்த கப்பல்களுக்கு நம் கரைதான் கடைசி வீடு. உடைப்பவனுக்கு எது வீடு?

ஆக, ரஜுலாவின் வீடு துறைமுகத்தில் இல்லை. நத்தம், வேடசந்தூர் பக்கத்துப் பரண்களில் தேடுவோம்: பெட்டி, பாஸ்போர்ட், மணியார்டர் துண்டு, அக்கரையிலிருந்து வந்த கடிதம். எழுதத் தெரியாதவர்களின் பேச்சும் ஆவணம்தான். கப்பலேறியவனைவிட, அவன் திரும்பும்வரை இங்கே காடு கழனியில் கெடந்து பிள்ளை வளர்த்தவளிடம் அதிகம் இருக்கும். என் பாட்டியிடம் நான் கேட்கவேயில்லை.

அந்தத் தகரப் பெட்டியை வீட்டார் பழைய இரும்புக்குப் போட்டார்கள். நானும் தடுக்கவில்லை. உங்கள் வீட்டில் ஒன்று இருந்தால் போட்டுவிடாதீர்கள். யாருடையது என்று கேட்டு, சொல்வதை அப்படியே எழுதி வையுங்கள்.